ஒரு மதிப்பெண்ணுக்குள் அடைபட்ட வத்தலக்குண்டுக்காரர்

குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பு வந்துவிட்டால் போதும், திண்டுக்கல்லில் ராஜமய்யர் பெயர் அடிபடாத படிப்பு வட்டமே இருக்காது. தமிழின் முதல் நாவல்? பிரதாப முதலியார் சரித்திரம், 1879, மாயூரம் வேதநாயகம் பிள்ளை. இரண்டாவது? கமலாம்பாள் சரித்திரம், பி.ஆர்.ராஜமய்யர். மூன்றாவது? பத்மாவதி சரித்திரம், அ.மாதவையா. கேள்வியை முடிப்பதற்குள் விடை வந்து விழுகிறது. அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகல் நகரில் என் வீட்டு மொட்டை மாடியில் பிள்ளைகளுக்குப் பொதுத்தமிழ் நடத்துகிறேன். விடை சொன்ன அதே பிள்ளைகளிடம், "சரி, கமலாம்பாள் யாரு? அவளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் மாடியில் காற்றுச் சத்தம்தான் கேட்கும். "அது சிலபஸ்ல இல்லையே டீச்சர்" என்று ஒருவன் சொன்னான். அவன் மேல் குற்றமில்லை. கைடு போட்டவர்களும் அந்தக் கதையைப் படித்திருக்க மாட்டார்கள்.

ராஜமய்யருக்கு நாம் செய்திருக்கும் அநியாயம் இதுதான் என்பது என் வாதம். அவர் கதைக்காரர். மாதாமாதம் அடுத்த அத்தியாயத்துக்காக ஆட்களைக் காத்திருக்க வைத்தவர். அவரைத் தூக்கி ஒரு மதிப்பெண் கேள்விக்குள் போட்டுப் பூட்டிவிட்டோம். சொந்த ஊர்க்காரர்களான நமக்கு இதில் கூடுதல் பங்கு உண்டு.

திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் செம்பட்டி தாண்டி ஒரு மணி நேரத்தில் வத்தலக்குண்டு. கொடைக்கானல் போகிறவர்கள் டீ குடிக்க இறங்கும் ஊர், வெற்றிலைக்குப் பேர்போன ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். அங்கேதான் 1872இல் ராஜமய்யர் பிறந்தார். அப்போது திண்டுக்கல் மாவட்டம் கிடையாது. 1985 வரை நாமெல்லாம் மதுரை மாவட்டத்துக்காரர்கள்தான். ஊரிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, அங்கே பி.ஏ. என்று அந்தக் காலத்துப் படித்த பிராமணக் குடும்பத்துப் பையன் போகிற வழியிலேதான் போனார். சட்டமும் படிக்கப் பார்த்தார், அது ஒட்டவில்லை. வக்கீலாகியிருந்தால் நமக்குக் கமலாம்பாள் கிடைத்திருக்க மாட்டாள்.

1893இல் சென்னையிலிருந்து சி.வி.சுவாமிநாதய்யர் நடத்திவந்த 'விவேக சிந்தாமணி' மாத இதழில் அவர் ஒரு தொடர் எழுதத் தொடங்கினார். முழுத் தலைப்பு 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. என் மாடியில் உட்கார்ந்து அவர் பெயரை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். இதைச் சொன்ன அன்றுதான் முதல்முறையாகச் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். "இருபத்தொண்ணா? நெசமாவா டீச்சர்?" என்றாள் சின்னாளப்பட்டியிலிருந்து வரும் பெண். அவள் மனத்தில் ராஜமய்யர் தலைப்பாகை கட்டிய ஒரு தாத்தா. இரண்டு வருஷம் தொடர் ஓடி 1895இல் முடிந்தது, 1896இல் புத்தகமானது. அதே இதழில் அதற்குமுன் மாதவையா 'சாவித்திரி சரித்திரம்' என்று ஒரு தொடரைத் தொடங்க, அது பாதியில் நின்றுபோயிற்று. ஆரம்பித்ததை முடித்து வைத்த தொடர்கதை என்று பார்த்தால் தமிழில் கமலாம்பாளுக்குத்தான் முதல் இடம். இதையும் கைடில் யாரும் போடுவதில்லை. எங்கள் அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துக் கிழித்துச் சேர்த்து, பேகம்பூர்ப் பக்கம் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்து அட்டை போட்டு வைத்திருந்தார். லட்சுமி, கல்கி, சிவசங்கரி எல்லாம் எங்கள் வீட்டில் அப்படித்தான் அலமாரி ஏறினார்கள். அந்தப் பழக்கம் எங்கிருந்து கிளம்பியது என்று பின்னால் தேடிக்கொண்டு போனால், வத்தலக்குண்டில் போய் நிற்கிறது.

கதை நடப்பது சிறுகுளம் என்ற கிராமத்தில். முத்துஸ்வாமி அய்யர் அந்த ஊரின் பெரிய மனிதர். கமலாம்பாள் அவர் மனைவி. ஒற்றுமையான தம்பதி, வசதியான வீடு. இது போதாதா ஊருக்கு? அவருடைய தம்பி மனைவி பொன்னம்மாளுக்கு வயிறு எரிகிறது. ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு ராஜமய்யர் வைத்த பெயர் 'வம்பர் மகாசபை'. அங்கே ஒரு சொல் விழுகிறது. அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் அதற்குக் கையும் காலும் முளைக்கிறது. குழந்தை காணாமல் போகிறது, பணம் போகிறது, கடைசியில் கமலாம்பாளின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு அவதூறு கிளம்பிக் கணவன் காதுவரை போய்ச் சேர்கிறது. பெரிய சண்டையோ ராஜாங்கச் சதியோ எதுவும் தேவைப்படவில்லை. வாயாலேயே ஒரு குடும்பத்தைக் கலைத்துக் காட்டுகிறார்.

அந்த வம்புக் காட்சிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் வாசித்துக் காட்டினேன். மணிப்பிரவாளமும் அக்ரகாரப் பேச்சும் முதலில் பிள்ளைகளுக்கு இடறியது. ஒரு பக்கம் தாண்டியதும் சிரிப்பு தொடங்கிவிட்டது. ஒருத்தி சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லாமல் இழுப்பதும், இன்னொருத்தி "நான் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்கிற தோரணையில் காதைக் கொடுப்பதும், மூன்றாமவள் கேட்காதவள்போல் கேட்டுக்கொண்டிருப்பதும் அவர்களுக்குப் புதிதில்லையே! "எங்க தெருக் குழாயடிக்கு வந்து எழுதுனாரா டீச்சர்?" என்று கேட்டாள் சித்தையன்கோட்டைப் பெண். அன்றைக்கு இலக்கண வகுப்பு நடக்கவில்லை. "மீதியையும் வாசிங்க, அந்தப் பொன்னம்மா என்ன ஆனான்னு தெரியணும்" என்றார்கள். நூற்றிமுப்பது வருஷத்துக்கு முந்தைய கதையை வைத்து, தேர்வுக்குப் படிக்க வந்த பிள்ளைகளை இப்படிக் கேட்க வைக்க முடிகிறதென்றால் எழுதியவன் கையில் சரக்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

தமிழாசிரியை என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை. பாட்டு பாட்டாகத் தலைக்குள் வைத்திருக்கும், உலகம் கொஞ்சமும் பிடிபடாத தமிழ்ப் புலவர். ராஜமய்யர் அவரைப் போட்டு வாட்டி எடுக்கிறார். எங்கள் இனத்தை இவ்வளவு துல்லியமாகக் கேலி செய்தவர்கள் தமிழில் குறைவு. கோபம் வரவேண்டும், வரவில்லை, ஏனென்றால் கேலிக்கு அடியில் அன்பு ஓடுகிறது. பள்ளி ஆசிரியர் அறையில் அம்மையப்ப பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சில நாள் கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. நாவலின் பிற்பாதியில் குரு வருகிறார், வேதாந்தம் வருகிறது, கதை மெல்லத் தரையை விட்டு எழும்பிவிடுகிறது. முத்துஸ்வாமி அய்யருக்கு ஞானம் கிடைப்பது நல்லதுதான். வாசகிக்குப் பொன்னம்மாள்தான் வேண்டும். பெரிய விமர்சகர்கள் இந்தப் பிற்பாதிக்கு ஆழமான காரணங்கள் சொல்லக்கூடும். எனக்கென்னவோ, எழுதத் தொடங்கியபோது இருந்த இளைஞனும் முடித்தபோது இருந்த இளைஞனும் வேறு வேறு ஆட்களாக மாறிவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. இன்னொரு வழக்கும் எனக்கு உண்டு. வம்பு முழுவதையும் பெண்கள் தலையில் கட்டிவிட்டார். திண்ணையில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்த ஆண்கள் என்ன ராமாயணமா பேசிக்கொண்டிருந்தார்கள்? அவர்கள் சபைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கலாம். அப்புறம் சாதி. கதையை அக்ரகாரத்துத் திண்ணையிலிருந்து பார்க்கிறார். திருடன் என்றால் பேயாண்டித் தேவன். இதைப் படிக்கும்போது என் மாடியில் முகம் சுருங்கிய பிள்ளைகள் இருந்தார்கள், சுருங்கத்தான் வேண்டும். "அப்ப ஏன் டீச்சர் இதைப் படிக்கணும்?" என்று ஒருவன் கேட்டான். படித்தால்தானே சண்டை போட முடியும் என்றேன். அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதம், நான் பணியிலிருந்த காலத்தில் எந்த வகுப்பிலும் நடக்காதது. கமலாம்பாளை வேதம்போல் தூக்கிப் பிடிப்பவர்களும், ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் 'அது அக்ரகாரக் கதை' என்று தள்ளுபவர்களும் அந்த மாடிக்கு வந்திருக்க வேண்டும்.

தேர்வுக்கு அடுத்தபடியாக அவரைப் பூட்டி வைத்திருக்கும் இன்னொரு பெட்டி ஆன்மிகம். 1896 ஜூலையில் சென்னையில் விவேகானந்தரின் அன்பர்கள் 'பிரபுத்த பாரதா' என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கியபோது அதன் ஆசிரியர் பொறுப்பை இருபத்துநான்கு வயது ராஜமய்யரிடம் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்த விவேகானந்தர் இதழை வாழ்த்தினார். ஆனால் அதன் அட்டைப் படம் அவருக்குப் பிடிக்கவில்லை, கடிதத்தில் கடுமையாகவே திட்டினார். அந்த இதழில் ராஜமய்யர் ஆங்கிலத்திலும் ஒரு கதை தொடங்கினார். வாசுதேவ சாஸ்திரி என்பவரைப் பற்றியது. முடிக்க ஆயுள் இல்லை. 1898 மே மாதம் இறந்தபோது வயது இருபத்தாறு. அவர் போனதும் சென்னையில் இதழே நின்றுவிட்டது. சில மாதங்களில் இமயமலைப் பக்கம் அல்மோராவிலிருந்து மறுபடி தொடங்கினார்கள், இன்றும் வெளிவருகிறது. 1905இல் அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் தடித்த நூலாகத் தொகுக்கப்பட்டன. இத்தனையும் சேர்ந்து அவரைச் சாமியாராக்கிவிட்டது. நினைவுக் கூட்டங்களில் வேதாந்தம் பேசுவார்கள், பொன்னம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஊர்வம்பை அவ்வளவு ருசித்துக் கேட்டிருக்காத ஒருவனால் அப்படி எழுதியிருக்க முடியாது என்பதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள் போலும்.

என் அக்கா மகள் டப்ளின் அருகே ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாள். லீவுக்கு வந்தபோது மேவ் பின்ச்சி என்ற எழுத்தாளரின் பழைய நாவல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "சித்தி, இதுல நம்ம ஊரு மாதிரியே இருக்கு, படிங்க" என்றாள். மெதுவாகத்தான் படித்தேன்; சொன்னது சரி. சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரைப் பற்றியும் தெரியும், சர்ச்சுக்குப் போய்வரும் வழியில் ஒரு பெண்ணின் தலையெழுத்து முடிவாகிவிடும். பின்ச்சி டால்க்கி என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்து, பள்ளி ஆசிரியையாக இருந்து, பிறகு 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழில் சேர்ந்தவர். முதல் நாவல் 1982இல் வந்தது. 2012இல் அவர் இறந்தபோது உலகம் முழுவதும் நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தன. பெரிய பரிசு வாங்கும் வகை எழுத்து இல்லை அது. பஸ்ஸில், ஆஸ்பத்திரி வராந்தாவில், சமையலுக்கு நடுவில் படிக்கிற எழுத்து. அயர்லாந்துக்காரர்கள் அதற்காக அவரைக் குறைத்து மதிப்பிடவில்லை என்கிறாள் அக்கா மகள். ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவல் நடக்கும் ஜூன் 16ஆம் தேதியை ஊர் கூடிக் கொண்டாடுகிறவர்கள், பின்ச்சியையும் "எங்க மேவ்" என்கிற மாதிரி பேசுகிறார்களாம். எங்கள் நாவல்களில் இது எத்தனையாவது என்று அங்கே யாரும் எண்ணிக்கொண்டிருப்பதாகத் தெரியவில்லை.

நம் பக்கம் ஒரே ஊரில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரையும் எப்படி வைத்திருக்கிறோம்? 1905இல் வத்தலக்குண்டில் பிறந்த பி.எஸ்.ராமையா, 1935இல் 'மணிக்கொடி'யைச் சிறுகதைக்கென்றே ஆக்கி நடத்தியவர். அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு 1982இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சி.சு.செல்லப்பாவின் ஊரும் அதுதான். பிறந்தது சின்னமனூர், வேர் வத்தலக்குண்டு. 1959இல் 'எழுத்து' என்ற இதழைத் தன் கைக்காசில் தொடங்கிப் பதினோரு வருஷம் நடத்தினார். புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்ற மனிதர். அவருடைய 'வாடிவாசல்' படமாகப் போகிறது என்ற செய்தி வந்த பிறகுதான் நம்மூர்ப் பையன்கள் அந்தப் பெயரையே சொல்ல ஆரம்பித்தார்கள். ஜல்லிக்கட்டுக்கு உயிரைக் கொடுக்கும் ஊர்க்காரர்களுக்குத் தங்கள் மாட்டைப் பற்றிய கதையை ஒரு சினிமா விளம்பரம் சொல்லித்தர வேண்டியிருந்தது. கமலாம்பாளை எந்தக் கதாநாயகனும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அவளுக்கு மாடும் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை.

எழுத்தாளர் என்றதும் சிலை, மணிமண்டபம், தெருவுக்குப் பெயர் என்று மனு எழுதுவது நம் வழக்கம். எனக்கு அதில் ஆர்வமில்லை. சிலைக்கு வருஷம் ஒருமுறை மாலை போடுவார்கள், மீதி நாளெல்லாம் காக்கை உட்காரும். நான் கேட்பது செலவில்லாத காரியம். ராஜமய்யர் இறந்து நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. அவர் நூலுக்கு உரிமைத் தொகை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அதை முதலில் வந்ததுபோலவே மாதம் ஓர் அத்தியாயமாக, கடினமான சொற்களுக்கு ஓரத்தில் பொருள் போட்டு, எட்டுப் பக்கச் சிறு வெளியீடாகத் திண்டுக்கல் மாவட்டத்தின் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் அனுப்பலாம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சத்தமாக வாசிக்கட்டும். அடுத்த மாதம் என்ன என்று கேட்க வைப்பதற்காகவே எழுதப்பட்ட கதை அது. மொத்தமாகக் கையில் கொடுத்தால் தலையணைக்கு ஆகும். துண்டு துண்டாகக் கொடுத்தால் படிப்பார்கள். சாதி வரும் இடங்களை வெட்ட வேண்டாம், அங்கே ஆசிரியர் நின்று பேசட்டும். திண்டுக்கல் புத்தகத் திருவிழாவில் வெளியூர்ப் பேச்சாளர்களை மேடையேற்றுகிற மாலைகளில் ஒன்றை ஒதுக்கி, நம்மூர்ப் பெண்கள் நாலு பேரை உட்கார வைத்து வம்பர் மகாசபையை நடித்துக் காட்டச் சொல்லலாம். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் பேசும் பெண்களைக் கூட்டிவந்தால் ஒத்திகைகூடத் தேவைப்படாது.

தேர்வாணையத்துக்கும் ஒரு வேண்டுகோள். கேள்வி கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை, கேள்வியை மாற்றுங்கள். எத்தனையாவது நாவல் என்று கேட்காமல், நாவலின் ஒரு பத்தியைக் கொடுத்து யார் பேசுகிறார், ஏன் பேசுகிறார் என்று கேளுங்கள். அடுத்த நாளே கைடுக்காரர்கள் புத்தகத்தைத் தேடி ஓடுவார்கள். பதவிக்கு வந்து மனுக்களைப் பிரித்துப் படிக்கப்போகிற பிள்ளைகளுக்கு, ஒரு பேச்சுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரிவதைவிட வேறு தகுதி என்ன வேண்டும்?

ஆங்கிலத்தில் படிக்க வேண்டுமானால் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்பவர் செய்த மொழிபெயர்ப்பு 1998இலேயே வந்துவிட்டது. கடல் கடந்த ஒருவருக்கு அந்தக் கதை வேண்டியிருந்திருக்கிறது. தமிழ் மூலம் கடைகளிலும் கிடைக்கிறது, இணையத்தில் காசில்லாமலும் கிடைக்கிறது. வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஆத்தூர், செம்பட்டிப் பக்கத்துக்காரர்கள் முதலில் எடுங்கள். முதல் ஐந்தாறு அத்தியாயம் பொறுத்துப் படியுங்கள். தனியாகப் படிக்காமல் வீட்டில் நாலு பேர் கேட்க வாசியுங்கள். பிற்பாதி பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், ஒன்றும் பாவமில்லை. படித்து முடித்தபின் பொன்னம்மாள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று யாருக்காவது தோன்றினால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். பதில் சொல்ல நான் தயார்.